ஒரு வரி விடையாகச் சுருங்கிய வாழ்வு: புதுக்கோட்டை முத்துலட்சுமியும் அரசுப் பணியின் படிக்கட்டுகளும்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத் தேர்வுகளுக்குப் படிக்கும் எவரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரை அறிவர். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர் யார்? அவ்வை இல்லத்தை நிறுவியவர் யார்? அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் காரணமானவர் யார்? வழிகாட்டி நூல்களில் இவை ஒவ்வொன்றும் ஒரு வரி விடை. குரூப் 4 தேர்வில் ஒன்றரை மதிப்பெண். அந்த ஒன்றரை மதிப்பெண்ணைப் பெற்று அரசுப் பணியில் நுழையும் நம் பிள்ளைகளுக்கு அங்கே என்ன காத்திருக்கிறது என்பதை அந்த விடை சொல்வதில்லை. எனினும் அவருடைய வாழ்வு முழுவதும் அதைப் பற்றியதே. ஒரு நிறுவனத்துக்குள் நுழைவது, நுழைந்த பின் நிலைப்பது, உயர்வது, உடல்நலம் கெடாமல் உழைப்பது, பிறப்பின் அடையாளம் நாற்காலி வரை துரத்தி வருவதைத் தாங்குவது: இவற்றையெல்லாம் நூறாண்டுகளுக்கு முன்னரே கடந்து வந்தவர் அவர். அவரை ஒரு பணியாளராகவும் பணிவாழ்வைப் பற்றிச் சிந்தித்தவராகவும் இங்கே வாசிக்க விழைகிறோம்.

பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல். அவர் பெயரோடு ஒட்டியிருக்கும் சாதிப் பெயர் கணவர் வழி வந்தது. ஆகவே இக்கட்டுரை நெடுகிலும் அவரை முத்துலட்சுமி என்றே குறிப்பிடுகிறோம். மேலும், இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் அவரே என்று சில வழிகாட்டி நூல்கள் எழுதுவது பிழை. அவர் பிறந்த 1886ஆம் ஆண்டிலேயே ஆனந்திபாய் ஜோஷி பிலடெல்பியாவிலும் காதம்பினி கங்குலி கல்கத்தாவிலும் மருத்துவத் தகுதி பெற்றுவிட்டனர். சென்னை மருத்துவக் கல்லூரியே 1875இல் நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. முதல்வர் என்ற பட்டங்களை நீக்கிப் பார்த்தாலும் முத்துலட்சுமியின் உயரம் குறைவதில்லை.

மன்னரின் ஆணையும் திரையிட்ட வண்டியும்

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் அவர் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மன்னர் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், பிராமணர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். இத்திருமண உறவுக்காகத் தந்தையின் குடும்பம் அவரை விலக்கி வைத்தது. தாயின் மரபு வேறொரு வகையில் விலக்கப்பட்டதே. ஊரார் அம்மரபின் பாட்டையும் ஆட்டத்தையும் விரும்பினர். அதன் பெண்களை மணவாழ்வுக்கு உரியவராக ஏற்கவில்லை. இருவேறு விலக்கங்களின் நடுவே பிறந்த குழந்தை அவர்.

பூப்பெய்தியதும் பள்ளிப் படிப்பு நின்றது. அக்காலப் பெண் குழந்தைகள் பெரும்பாலோர்க்கும் அதுவே முடிவு. தந்தை வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார்; மகள் தனித்தேர்வராக மெட்ரிகுலேஷனில் தேறினார். அடுத்தபடியாக மன்னர் கல்லூரிக்கு விண்ணப்பம் சென்றபோது எதிர்ப்பு எழுந்தது. ஆண்கள் மட்டும் படிக்கும் கல்லூரியில் ஒரு பெண்ணா என்பது ஒரு தடை. அவள் தேவதாசியின் மகள், அவள் வந்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்பது மற்றொரு தடை. விண்ணப்பித்தவரின் நடத்தையையோ மதிப்பெண்ணையோ எவரும் ஆராயவில்லை. தாயின் பிறப்பே மகளின் நடத்தைச் சான்றிதழாகக் கொள்ளப்பட்டது. இந்த வாதத்தைச் சற்று உற்றுக் கேட்டால், இன்றைய அலுவலகங்களில் ஒதுக்கீட்டில் வந்தவர் என்று முணுமுணுக்கும் குரலின் மூதாதையை நாம் அதில் அடையாளம் காணலாம்.

மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பைப் புறந்தள்ளி இடமளித்தார், உதவித்தொகையும் வழங்கினார். கதவு திறந்தது. ஆயினும் கதவுக்கு உள்ளே இருந்த உலகம் மாறவில்லை. நாற்புறமும் திரையிட்ட வண்டியில் அவர் கல்லூரிக்குச் சென்றார். வகுப்பறையிலும் மாணவர்கள் பார்வையில் படாதவாறு திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடம் கேட்டார். சேர்க்கை கிடைத்தது, உடன் அமரும் உரிமை கிடைக்கவில்லை.

இவ்விடத்தில் பரோடாவை நினைக்காமல் இருக்க இயலவில்லை. இன்னொரு சமஸ்தானத்தில் இன்னொரு மன்னர், சாயாஜிராவ் கெய்க்வாட், பீமராவ் அம்பேத்கருக்கு உதவித்தொகை அளித்து அமெரிக்காவுக்கு அனுப்பினார். படித்துத் திரும்பியவர் ஒப்பந்தப்படி 1917இல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். அரசர் பணி கொடுத்தார். நகரம் தங்க இடம் கொடுக்கவில்லை. அலுவலகக் கடைநிலை ஊழியர்கள் தீட்டுக்கு அஞ்சிக் கோப்புகளைத் தொலைவிலிருந்து அவர் மேசை மீது எறிந்தனர். பார்சி விடுதியில் தங்கியிருந்தவரைத் தடியேந்திய கூட்டம் வெளியேற்றியது. சில நாட்களிலேயே அவர் பணியை விட்டு நீங்க நேர்ந்தது. மன்னரின் ஆணை வாயிலைத் திறக்கும். மேசைகளுக்கு இடையிலான தொலைவை அது அழிப்பதில்லை என்பதற்கு இவ்விரு வாழ்வுகளும் சான்று.

ஒப்பீட்டின் எல்லையையும் நாம் மறக்கலாகாது. முத்துலட்சுமிக்கு வீட்டில் கல்லூரி முதல்வராக இருந்த தந்தையும் நூல்களும் இருந்தன. தாய்வழி இழிவு அவரைத் தொடர்ந்தது என்றாலும் அவர் தொட்ட பாத்திரம் தீட்டாகவில்லை. தீண்டாமையைச் சுமந்தவரின் பாதையும் அவருடைய பாதையும் ஒன்றல்ல.

படிகள் இல்லாத ஏணி

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடல்நலம் அவருக்கு எந்நாளும் துணை நின்றதில்லை. மெலிந்த உடல், பலவீனமான பார்வை. அவ்வுடலோடுதான் பிணக்கூறாய்வும் இரவுப் பணியும் நிறைந்த படிப்பை முடித்தார். 1912இல் பரிசுகளோடும் பதக்கங்களோடும் பட்டம் பெற்று, சென்னை எழும்பூரில் பெண்கள், குழந்தைகளுக்கான அரசு மருத்துவமனையில் உள்ளுறை அறுவை மருத்துவராகப் பணியேற்றார். அப்பதவியில் அமர்ந்த முதல் பெண் அவர்.

வழிகாட்டி நூல் இவ்வரியோடு நின்றுவிடும். அடுத்த வினா ஒன்றுண்டு: அங்கிருந்து அவர் எங்கே உயர்ந்திருக்க முடியும்? அரசு மருத்துவத் துறையின் உச்சியில் இருந்தது இந்திய மருத்துவப் பணி. கண்காணிப்பாளர் பதவிகளும் பேராசிரியர் பதவிகளும் பெரும்பாலும் அப்பணியைச் சேர்ந்த இராணுவப் பட்டம் தாங்கிய ஆடவர்க்கே உரியவை. பெண்கள் அதில் சேர வழியே இல்லை. 1914இல் டஃபரின் நிதியத்தின் கீழ்ப் பெண்களுக்கெனத் தனி மருத்துவப் பணி ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. அது சிறியது, அதன் இடங்களும் பெருமளவு ஐரோப்பியப் பெண்களுக்கே போயின. ஆக, ஓர் இந்தியப் பெண் மருத்துவர் எவ்வளவு திறமை காட்டினாலும் ஏறுவதற்கு ஏணியில் படி இல்லை. அவர் அரசுப் பணியைத் தொடராமல் தனியே மருத்துவம் பார்க்கத் தொடங்கியதை விருப்பத் தேர்வு என்று மட்டும் நாம் கருதவில்லை. பதவி உயர்வே இல்லாத பணி, வெளியேறுமாறு விடுக்கும் மௌன ஆணை. வெளியேறிப் பிழைக்கும் வசதி அவருக்கு இருந்தது. அவ்வசதி இல்லாதவர் ஓய்வுபெறும் நாள் வரை அதே மேசையில் இருப்பார்.

1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். சாதி கடந்த அம்மணம் 1872ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் கீழ்ப் பதிவானது. தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்ற நிபந்தனையை அவர் முன்வைத்தார், மணமகன் ஏற்றார். பணிக்குச் செல்லும் பெண்ணின் நலம் வீட்டு வாசலிலிருந்து தொடங்குகிறது என்பதை உணர்ந்தவரின் நிபந்தனை அது. மகப்பேற்றின் துன்பத்தைத் தாமே அனுபவித்தார். 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார்; தொடக்கத்தில் நோய் இன்னதென்று கண்டறியப்படவே இல்லை. அத்துயரம் அவர் வாழ்வின் பிற்பகுதியை முடிவு செய்தது. 1925இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்றவர், இலண்டனின் புற்றுநோய் மருத்துவமனையில் பயின்று திரும்பினார்.

அவையில் நான்கு ஆண்டுகள்

இந்திய மாதர் சங்கத்தின் பரிந்துரையால் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டு 1927 முதல் 1930 வரை பணியாற்றினார். அவை ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தது. பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைகளுக்கெனத் தனி மருத்துவமனை, பெண்கல்வி ஆகியவற்றுக்காக அவர் வாதாடினார். இஸ்லாமியப் பெண்களுக்கு விடுதியும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்கு உதவித்தொகையும் அவரது முயற்சிகளில் அடங்கும்.

அந்த ஆண்டுகள் அரசுப் பணி வரலாற்றில் எத்தகையவை என்பதையும் நினைவுகூர வேண்டும். நீதிக் கட்சி ஆட்சியில் 1921இல் பிறந்த வகுப்புவாரி ஆணை, முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது 1927-28இல்தான் உயிர்பெற்றது. பன்னிரண்டு பணியிடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்க்கு 2, இஸ்லாமியர்க்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் சேர்ந்து 2, ஒடுக்கப்பட்டோர்க்கு 1 என்பது அதன் கணக்கு. 1929இல் சென்னைப் பணியாளர் தேர்வாணையம் அமைந்தது. இந்திய மாகாணங்களில் இதுவே முதலாவது. அதற்குமுன் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் ஆவதற்கு மேலதிகாரியின் கருணையும் உறவும் தேவைப்பட்டன. ஒரு பெண் துணைத் தலைவராக அமர்ந்திருந்த அதே காலத்தில், அதே அவையில் இரட்டைமலை சீனிவாசனும் உறுப்பினராக இருந்தார். எனினும் அந்தப் பன்னிரண்டின் கணக்கில் பெண் என்ற பிரிவே இல்லை. ஒடுக்கப்பட்டோர்க்குரிய அந்த ஒரே இடத்தில் ஒரு பெண் அமர்வாள் என்று எவரும் எண்ணியிருக்கவும் மாட்டார்கள். அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கீடு தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது. பின்னர் அது 40 ஆக உயர்ந்தது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளை என்ன பெயரிட்டு அழைப்பது?

(வகுப்புவாரி ஆணை வீழ்ந்த கதையிலும் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு இடமுண்டு. சண்பகம் துரைராஜன் என்ற பிராமணப் பெண் அக்கல்லூரியில் தமக்கு இடம் மறுக்கப்படும் என்று வழக்குத் தொடுத்தார். அவர் விண்ணப்பமே செய்திருக்கவில்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளது. 1951இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாததாக்கியது. அரசமைப்பின் முதல் திருத்தம் அதன் பிறகு வந்தது.)

அதே ஆண்டுகளில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அம்பேத்கர், ஆலைப் பெண்களுக்குப் பேறுகாலப் பயன் வேண்டும் என்ற மசோதாவை 1928இல் ஆதரித்துப் பேசினார். பம்பாயில் 1929இலும் சென்னையில் 1934இலும் அத்தகைய சட்டங்கள் வந்தன. பின்னர் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், நடுவண் அரசுப் பணிகளில் பட்டியல் சாதியினர்க்கு 8.33 விழுக்காடு ஒதுக்கீட்டை 1943இல் பெற்றுத் தந்தவரும் அவரே. எறியப்பட்ட கோப்புகளின் ஓசையை அவர் மறந்திருக்கவில்லை.

முத்துலட்சுமியின் பெயர் இன்று நிலைத்திருப்பது தேவதாசி ஒழிப்புக்காகவே. 1927இல் அவையில் தீர்மானம் கொணர்ந்தார். 1929இல் இந்து அறநிலையச் சட்டத் திருத்தத்தின் வழியாக, கோயில் ஊழியத்தோடு பிணைக்கப்பட்டிருந்த மானிய நிலங்களை அவ்வூழியத்திலிருந்து விடுவிக்கச் செய்தார். பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் முழுச் சட்டம் அவர் முயன்று பதினேழு ஆண்டுகள் கழித்து, 1947இல்தான் நிறைவேறியது. இடையில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் தெருத்தெருவாகப் பேசித் திரட்டிய ஆதரவும் அதன் பின்னே நின்றது.

அவையில் அவரை எதிர்த்தவர்களில் முதன்மையானவர் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி. அவரும் இம்மாவட்டத்தவர், திருமயத்தில் பிறந்தவர், மன்னர் கல்லூரியில் பயின்றவர். ஒரே கல்லூரியில் ஒருவர் இயல்பாக நடந்து சென்றார், மற்றவர் திரைக்குப் பின்னே அமர்ந்தார். பின்னாளில் இருவரும் ஒரே அவையில் எதிரெதிரே நின்றனர். அவர்களிடையே நடந்ததாகச் சொல்லப்படும் காரசாரமான மறுமொழி ஒன்று மேடைதோறும் உலவுகிறது. அதை இங்கே மீண்டும் சொல்லப்போவதில்லை. சொல்லாமலேயே புலப்படும் உண்மை வேறு: பண்பாடு, கலை என்ற பெயரால் வாதிட்டவர்க்கு அது அயலாரின் வாழ்வு, முத்துலட்சுமிக்கு அது தாயின் வாழ்வு.

ஆயினும் அவர் செய்தவை அனைத்தையும் நாம் கேள்வியின்றி ஏற்கவில்லை. சென்னையில் வாழ்ந்த தேவதாசிகள் பலர் அம்மசோதாவை எதிர்த்து மனு அளித்தனர்; பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களுள் குறிப்பிடத்தக்கவர். அது அவர்களுக்கு வாழ்வு முறை மட்டுமன்று, தொழிலும் ஆகும். பெண்வழிச் சொத்துரிமை, கல்வி, கலைப்பயிற்சி, சொந்த வருவாய் ஆகியவை அத்தொழிலோடு வந்தவை. சுரண்டலை ஒழித்த சட்டம் அதே கையால் வருவாயையும் எடுத்துக்கொண்டது. மாற்றுத் தொழிலுக்கான ஏற்பாடு பின்தங்கியது. அவர்கள் விட்ட ஆட்டத்தைச் சிறிது காலத்தில் மேல்சாதிப் பெண்கள் பரதநாட்டியம் என்ற பெயரில் மேடையேற்றினர். கற்பு, குடும்பம் என்ற மொழியிலேயே முத்துலட்சுமி வாதிட்டமையும் அச்சட்டத்தின் பார்வையைக் குறுக்கியது.

மற்றொன்றும் உண்டு. பெருங்கோயில்களின் தேவதாசி முறை சட்டத்தால் முடிவுற்றது. ஊர்ப்புற அம்மன்களுக்குத் தலித் சிறுமியரை நேர்ந்துவிடும் வழக்கம் முடியவில்லை. வட தமிழ்நாட்டில் அருந்ததியர் பெண்களை மாத்தம்மாவாக்குவதும், ஆந்திரத்தின் ஜோகினியும், கர்நாடகத்தின் பசவியும் தொடர்ந்தன. கர்நாடகம் 1982இலும் ஆந்திரம் 1988இலும் புதிதாகச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சீர்திருத்தம் மேற்படியில் தொடங்கிக் கீழ்ப்படிக்கு இறங்குவதற்குள் களைத்துவிடுகிறது.

தட்டப்பட்ட கதவு

1930இல் காந்தி கைதானதைக் கண்டித்து அவை உறுப்பினர் பதவியைத் துறந்தார். பதவி மீது பற்று இருந்திருந்தால் அமைச்சராகும் வாய்ப்பும் தொலைவில் இல்லை. அவ்வேளையில்தான் தேவதாசி மரபிலிருந்து தப்பி வந்த சிறுமியர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களைச் சேர்த்துக்கொள்ளுமாறு நகர விடுதிகளை அணுகினார். பிராமணர் விடுதியும் மறுத்தது. பிராமணரல்லாதார் விடுதியும் மறுத்தது. மன்னர் கல்லூரியில் தாம் கேட்ட அதே காரணத்தைக் கால் நூற்றாண்டு கழித்துத் தலைநகரில் மீண்டும் கேட்டார். தம் இல்லத்திலேயே அவர்களை வைத்துக்கொண்டார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது.

அவ்வை இல்லத்தை அனாதை விடுதி என்று மட்டும் அறிமுகப்படுத்துவது நியாயமன்று. அடைக்கலத்தோடு அவர் நிற்கவில்லை. அங்கே வந்த பெண்கள் ஆசிரியராகவும் செவிலியராகவும் ஆகி மாதச் சம்பளம் பெற வேண்டும் என்பதே அவர் வகுத்த வழி. பள்ளியும் ஆசிரியப் பயிற்சியும் அவ்வாறே பிறந்தன. சட்டம் பறித்துக்கொண்ட வருவாய்க்கு ஈடாக அவர் காட்டிய மாற்று இதுதான். எத்தனை பேருக்கு எட்டியது என்பது வேறு. ஆயினும் விலக்கப்பட்ட பிறப்புடைய ஒரு பெண் பொதுப் பள்ளியில் ஆசிரியராக நின்றால், ஊரார் தம் பிள்ளைகளை அவர் முன் அமர்த்தியே ஆக வேண்டும். அரசுச் சம்பளத்தின் சமூக மதிப்பை அவர் அறிந்திருந்தார்.

புற்றுநோய் மருத்துவமனைக்கான போராட்டம் இன்னும் நீண்டது. குணமாகாத நோய்க்கு மருத்துவமனை எதற்கு என்ற மனப்போக்கே அதிகார மட்டத்தில் நிலவியது. மாதர் சங்கத்தின் வழியே மக்களிடம் நிதி திரட்டி, 1952இல் நேருவின் கையால் அடிக்கல் நாட்டச் செய்தார். 1954 ஜூனில் அடையாற்றில் எளிய குடில்களில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. மகன் கிருஷ்ணமூர்த்தி அங்கே மருத்துவர். மறு ஆண்டு ஓர் இளம் பெண் மருத்துவர் வந்து சேர்ந்தார். பணியாளர் தேர்வாணையத்தின் மூலம் எழும்பூர் மருத்துவமனைக்குத் தேர்வாகியிருந்த அவர், ஓய்வூதியமும் பதவி உயர்வும் உறுதியான அப்பணியைத் துறந்து, சம்பளமே நிச்சயமில்லாத குடிலைத் தேர்ந்தார். அவர்தாம் சாந்தா. 1912இல் ஏணியின்றி நின்ற அதே எழும்பூரில், 1955இல் ஒரு பெண் தேர்வெழுதி வென்று நுழைய முடிந்தது. வேண்டாம் என்று சொல்லவும் முடிந்தது. தியாகத்தைப் போற்றுவோர் இந்த இரண்டாவது உண்மையைக் கவனிப்பதில்லை. உரிமையாகக் கிடைத்த ஒன்றையே துறக்க முடியும்.

1956இல் பத்மபூஷண் பெற்றார். 1968 ஜூலை 22 அன்று மறைந்தார்.

அவர் ஊரில் இன்று

1948இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. திரையிட்ட வண்டி சென்ற ஊரில் 1990களின் தொடக்கத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் அறிவொளி இயக்கம் பல்லாயிரக்கணக்கான பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது. கல் உடைக்கும் பெண்களோடு அங்கன்வாடிப் பணியாளர்களும் கிராமச் செவிலியரும் மிதிவண்டியில் ஏறினர். ஊரார் கேலி பேசினர், அவர்கள் ஓட்டினர். பணியிட நலம் பற்றிய பெருந்திட்டங்கள் பலவற்றைவிட, பேருந்து வராத ஊருக்குப் பணிக்குச் செல்லும் செவிலியரின் கால்களுக்கு அது அளித்த ஓய்வு பெரிது.

அதே மாவட்டத்தில் 2022 டிசம்பரில் வேங்கைவயல் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. நோயுற்ற குழந்தைகளைப் பார்த்த மருத்துவர்கள் தண்ணீரைச் சோதிக்குமாறு சொன்ன பிறகே உண்மை வெளிப்பட்டது. ஊருக்குச் சென்ற ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் பெண்கள். இரட்டைக் குவளை முறையைக் கண்டதோடு, தலித் மக்களை அய்யனார் கோயிலுக்குள் அழைத்துச் சென்றனர். முத்துலட்சுமிக்கு எட்டாத உயரத்தில் இருந்த நாற்காலிகளில் பெண்கள் அமர்ந்திருந்த நாளில், ஒரு சேரியின் தண்ணீர் இந்நிலையில் இருந்தது.

நுழைவுக்கும் உயர்வுக்கும் இடையிலான தொலைவும் அவ்வாறே நீடிக்கிறது. பதவி உயர்வில் பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கீடு அளிக்கலாம் என்று 1995இல் 77ஆம் திருத்தம் அரசமைப்பில் இடம் செய்தது. சமூகநீதியின் தாயகம் எனப்படும் தமிழ்நாட்டின் மாநிலப் பணிகளில் அது இன்றும் கோரிக்கையாகவே நிற்கிறது. 18 விழுக்காட்டில் நுழைந்தவர் மேலே செல்லச் செல்ல எண்ணிக்கை எவ்வாறு மெலிகிறது என்பதை எந்த அலுவலகத்திலும் அறைக்கதவுகளின் பெயர்ப்பலகைகளைப் படித்தே உணரலாம். உயர் பதவிக்கு வந்தவர்க்கும் இருக்கை மட்டும் அளித்துக் கோப்பை வேறு வழியில் அனுப்பும் கலை நம் அலுவலகங்கள் நன்கறிந்ததே. பரோடாவில் எறிந்தார்கள், இங்கே சுற்றிவளைத்து அனுப்புகிறார்கள்.

முத்துலட்சுமியின் பெயரால் 1987 முதல் மகப்பேறு நிதியுதவித் திட்டம் நடைபெறுகிறது; 2011இல் 12,000 ரூபாயாகவும் பின்னர் 18,000 ரூபாயாகவும் அது உயர்ந்தது. நிரந்தர அரசு ஊழியரான பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதங்கள் ஊதியத்தோடு மகப்பேறு விடுப்பு. ஒப்பந்தச் செவிலியரோ பேறுகால விடுப்புக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. ஒப்பந்த விதியைவிட மகப்பேற்றுப் பயன் சட்டமே மேலானது என்று 2025இல் நீதிமன்றம் சொன்ன பின்னும் அவர்களின் பணி நிரந்தரமாகவில்லை. அவர்களுக்கும் கீழே, அதே மருத்துவமனையின் தாழ்வாரத்தைத் துடைக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்; பெரும்பாலும் நம் சேரிப் பெண். மாதம் முழுவதும் அரசுக் கட்டடத்தில் உழைத்தும் அவர் அரசு ஊழியரல்லர். சட்டம் அவருக்கும் விடுப்பு உண்டு என்கிறது. ஒப்பந்தக்காரர் வேறு ஆளைப் பார்க்கிறார். எனவே அவர் கருவுற்றால் பணியாளராக விடுப்புக்கு விண்ணப்பிப்பதில்லை. வறியவராக வரிசையில் நின்று, முத்துலட்சுமியின் பெயரிட்ட படிவத்தில் கையெழுத்திடுகிறார்.